தண்ணீர் படாத டப்பா

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் தெரிந்தவர்கள் காயின் அழகைப் பார்த்து மயங்க மாட்டார்கள். பச்சைப்பசேலென்று உருண்டையாக இருக்கும் காய் உள்ளே வெறும் பொக்காக இருக்கலாம். அதனால் ஒரு லிட்டர் பிடிக்கும் டப்பாவில் காயைக் கொட்டி, வாயோடு தலைதட்டி, தராசில் வைப்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறதோ அதுதான் அந்தக் காயின் யோக்கியதை. அது கூடினால் விலையும் கூடும். குறைந்தால், மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வந்தவரின் முகம் தொங்கிப்போகும். இதற்கு லிட்டர் எடை என்று பெயர்.

ராக்கையா கடையில் அந்த டப்பா வேல்விழியின் பொறுப்பு. இயற்பியலில் பட்டம் வாங்கியவள். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லையே என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அடர்த்தியத்தான் படிச்சேன், அடர்த்தியத்தான் பாக்குறேன். இன்னும் என்ன சம்பந்தம் வேணும் ஒங்களுக்கு?" என்பாள். டப்பா விஷயத்தில் ராக்கையா போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அதில் தண்ணீர் படக் கூடாது. ஈரம் காயில் ஏறினால் எடையும் கெடும், நிறமும் கெடும். உலர்ந்த துணியால் துடைக்கலாம், கழுவக் கூடாது. ஏலக்காய்க் கடையில் அது நியாயமான சட்டம்தான். வேல்விழிக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அவள் தம்பி சுருளிராஜன். வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை மலையிறக்கிக் கொண்டுவருவது அவன் தொழில். பக்கத்தில் அவள் புருஷன் பாண்டியராஜன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒன்னும் ஆகலக்கா. மாமாதேன் சும்மா பயந்துக்கிட்டு..." என்றான் சுருளி.

"நீ பேசாத. நீங்க சொல்லுங்க."

பாண்டியராஜன் சொன்னான். சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். கவாத்து முடித்த கொடிகளில், மொட்டு எல்லாம் ஒன்றுபோல வெடிப்பதற்காக ஒரு மருந்தைத் தடவுவார்கள். பெரிய கேனாக வாங்கி, நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து பங்கு பிரித்துக்கொள்வார்கள். பங்கு பிரிப்பது தண்ணீர் பாட்டிலில். விஷத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள் என்று எந்த அதிகாரி வந்து சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றுவார்கள். அதுதானே சும்மா கிடைக்கிறது. அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் ஆயிற்று.

மோட்டார் ரூமில் இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்றில் மொட்டு மருந்து. இன்னொன்றில், போன வாரம் இலைக்குத் தெளித்துவிட்டு மிச்சம் வைத்த சத்துத் தண்ணீர். இரண்டுக்கும் நிறமில்லை. காலையில் வேலைக்கு வந்தவர்கள் ஒரு பாட்டிலை எடுத்து வாளியில் கலக்கிக் கொடிகளில் தடவிவிட்டார்கள். அவர்கள் எடுத்தது மருந்தைத்தானா, இல்லை சத்துத் தண்ணீரையா என்பது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் சிவப்புத் துணி தரையில் அவிழ்ந்து கிடந்தது. வாழை இலை அறுக்க வந்த சுருளி, தாகத்தில் மிச்சமிருந்த பாட்டிலை அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். பாதியைத் துப்பினான். பாதி உள்ளே போய்விட்டது.

"நாக்குல சுருக்குன்னுச்சு. அம்புட்டுத்தேன்," என்றான் சுருளி.

"சத்துத் தண்ணியும் சுருக்குன்னுதான் இருக்கும்," என்றான் பாண்டியராஜன். அவன் குரலில் நம்பிக்கையைவிட வேண்டுதல்தான் அதிகம் இருந்தது.

மொட்டு மருந்தைப் பற்றி அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அதைத் தொட்டவன் ஒரு வாரத்துக்குச் சாராயம், பிராந்தி எதையும் தொடக் கூடாது. கையில் பட்டவன் குடித்தாலே முகம் சிவந்து, மூச்சு முட்டி, நெஞ்சு அடித்துக்கொள்ளும். வயிற்றுக்குள் போனவன் குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசக்கூட விரும்ப மாட்டார்கள். அன்று சாயங்காலம் சுருளியின் கூட்டாளி விஜயகுமாரின் மகனுக்குக் காதுகுத்து, கெடா வெட்டு. சமையலிலிருந்து சரக்கு வரை பொறுப்பு சுருளிக்குத்தான்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஏறு வண்டியில," என்றாள் வேல்விழி.

"எதுக்குக்கா? மருந்தக் குடிச்சிட்டேன்னு அங்கன போயிச் சொன்னா போலீஸ் கேஸாக்குவாக. பய மனசொடிஞ்சு குடிச்சிட்டான்னு ஊரே பேசும். எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கீக. பழனிசெட்டிபட்டிக்காரவுக காதுக்குப் போனா அடுத்த நிமிஷம் வேண்டாம்னுருவாக. சத்துத் தண்ணியக் குடிச்சதுக்கு என் கல்யாணத்தையே கெடுக்கப் போறியா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடம் இப்போதுதான் கனிந்து வந்திருக்கிறது. ஆனாலும் அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததை என்ன செய்வது என்று மூன்று வருஷம் படித்திருக்கிறாளே!

"மருந்துக் கேனு மேல ஒட்டியிருக்குற தாளைப் போட்டோ எடுத்து வச்சிருக்கீகளா?" என்று புருஷனிடம் கேட்டாள். போனில் இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மருந்து தண்ணீரைவிடக் கனம். லிட்டருக்கு ஆயிரத்து அறுபது கிராம். சத்துத் தண்ணீரோ பேருக்குத்தான் சத்து. தண்ணீரின் எடைதான் இருக்கும், லிட்டருக்கு ஆயிரம்.

"இந்தா பாரு, நிறுத்துருவோம். கனமா இருந்துச்சுன்னா பேச்சில்லாம ஆஸ்பத்திரி. தண்ணி எடைதான்னா நீ கெடா வெட்டுக்குப் போ. சம்மதமா?"

"சம்மதம். தலையில அடிச்சுச் சத்தியம்," என்றான் சுருளி.

ராக்கையா மேஜையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். வேல்விழி டப்பாவை எடுத்ததும் போனைக் கீழே வைத்தார்.

"என்னா தாயி, அதுலயா மருந்த ஊத்தப் போற? காயி அளக்குற டப்பாடா சாமி!"

"புது டப்பா நான் வாங்கித் தாரேன் மொதலாளி. சரியா ஒரு லிட்டருன்னு சொல்ல எங்கிட்ட வேற என்ன இருக்கு?" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னாள். ஆயிரம் என்றால் தண்ணீர், ஆயிரத்து அறுபது என்றால் விஷம் என்று இரண்டு தடவை சொன்னாள். ராக்கையா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். சுருளியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். தராசுப் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

வெறும் டப்பாவைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு பாட்டிலிலிருந்து மெதுவாக ஊற்றினாள். விளிம்பு வரை வந்ததும் நிறுத்தினாள். எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

"தண்ணி!" என்று கத்தினாள். "தண்ணிதான்! ஆயிரத்துக்கு நாலு கிராம்தான் கொறையுது!"

பாண்டியராஜன் பக்கத்திலிருந்த மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தான். சுருளி அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "நான் சொன்னேன்ல? நீயும் ஒன் படிப்பும்!" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தண்ணிதேன். நான் பாத்தவுடனே நெனச்சேன். போங்கப்பா, போயி அவுகவுக சோலியப் பாருங்க," என்றார் ராக்கையா.

ஜீப் கிளம்பியதும் ராக்கையா செய்த காரியம் வேல்விழிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு டீத் தம்ளரைக்கூடத் தானாக எடுத்து வைக்காத மனிதர், டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குழியில் கொட்டினார். வேட்டித் துணி ஒன்றைக் கிழித்து உள்ளே துடைத்தார். "கழுவாத தாயி. காயட்டும்," என்று சொல்லிவிட்டு வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் ராக்கையா டீ குடிக்கப் போயிருந்த நேரம். மேஜையில் அந்தப் பாட்டில் அப்படியே நின்றது. குப்பையில் போடலாம் என்று எடுத்தாள். அடியில் இன்னும் ஒரு விரல்கடை திரவம் ஆடியது.

அவள் அதையே பார்த்தாள். ஒரு லிட்டர் பாட்டில். சுருளி அதில் ஒரு வாய் எடுத்துவிட்டான். மிச்சத்தை ஒரு லிட்டர் டப்பாவில் ஊற்றினால் டப்பாவில்தான் குறை விழ வேண்டும். ஆனால் டப்பா விளிம்பு வரை நிறைந்தது, பாட்டிலிலோ மிச்சம் நிற்கிறது. பாட்டில்காரன் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்படி செய்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை. இன்னொன்றும் இப்போது உறுத்தியது. விஷமோ என்று சந்தேகப்பட்டு நிறுத்த டப்பாவை எந்த மனிதனாவது கழுவாதே என்பானா? நாளைக்கு அதில் விழப்போவது ஊரார் பாயசத்துக்குப் போகிற ஏலக்காய்.

டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனாள். தேய்த்துக் கழுவும்போது உள்ளங்கை அடித்தட்டில் பட்டது. வெளியே இருந்த அடியும் உள்ளே இருந்த அடியும் ஒரே இடத்தில் இல்லை. உள்ளே இன்னொரு தகடு, மேலே ஏற்றிப் பற்றவைத்திருந்தது. தலைதட்டி நிறுக்கிறவள் வாயைத்தான் பார்ப்பாள். அடியை யார் பார்த்தார்கள்? லிட்டர் சிறுத்தால் காயின் எடை குறையும், மலைக்காரருக்குக் கொடுக்கிற விலையும் குறையும்.

வெளிப்புறத்தைத் துடைத்தாள். விளிம்பு வரை குழாய்த் தண்ணீர் பிடித்துத் தராசில் வைத்தாள். தொள்ளாயிரத்து நாற்பது.

கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது. வெறும் பாத்திரத்தை நிறு. பிறகு அதே பாத்திரத்தில் தண்ணீரை நிறு. அதன் பிறகுதான் தெரியாத திரவம். பாத்திரம் சின்னதோ பெரியதோ, தண்ணீரோடு ஒப்பிட்டுவிட்டால் அது ஏமாற்ற முடியாது. நடுவில் இருந்ததை அவள் விட்டுவிட்டாள். லிட்டர் டப்பாவில் எதற்குத் தண்ணீரை நிறுப்பது? அதுவும் தண்ணீர் படக் கூடாத டப்பாவில்! இப்போது போனில் வகுத்துப் பார்த்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறைத் தொள்ளாயிரத்து நாற்பதால் வகுத்தால் ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு. தம்பி குடித்தது மொட்டு மருந்து.

"தண்ணி ஊத்தாதன்னு சொன்னேன்ல?"

வாசலில் ராக்கையா நின்றிருந்தார். அவர் பார்த்தது டப்பாவை அல்ல, தராசில் நின்ற எண்ணை.

"ஒங்களுக்குத் தெரியும்," என்றாள் வேல்விழி. "நான் ஆயிரம் ஆயிரம்னு கத்தும்போது ஒங்களுக்குத் தெரியும்."

"நீதான தாயி தண்ணின்னு சொன்ன. படிச்ச புள்ள சொல்லுது, நான் என்னத்தக் கண்டேன்?"

அவரைத் திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது, நேரம்தான் இல்லை. டப்பாத் தண்ணீரை அவர் காலடியில் கொட்டிவிட்டு, டப்பாவை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டாள். சுருளிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. புருஷன் எடுத்தான். அவன் தோட்டத்தில் இருந்தான். "ஓடுங்க. அவன் குடிக்கவிடாதீக. மருந்துதான் அது," என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டு போனாள். நிறுக்காமல் இருந்திருந்தால்கூட அவன் பயந்து குடிக்காமல் இருந்திருப்பான்.

கெடா வெட்டு நடந்த தோப்பில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. போன் மணி எப்படிக் கேட்கும்? பந்திக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் சுருளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் காலித் தம்ளர். முகம், கழுத்து, காது எல்லாம் செக்கச் செவேலென்று இருந்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கல்யாணக் களை வந்துருச்சுடோய்!" என்றான் ஒருவன். பாண்டியராஜன் அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்து அவன் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினான்.

"எத்தன குடிச்ச?" என்று கேட்டாள் வேல்விழி.

"ரெண்டுக்கா. என்னமோ பண்ணுதுக்கா. நெஞ்சு கெடந்து குதிக்குது," என்றான் சுருளி. எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் மடிந்து அப்படியே அவள் மேல் சாய்ந்தான். ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். விஜயகுமார் மகனைக் கீழே இறக்கிவிட்டு ஜீப்பை எடுக்க ஓடினான்.

தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சுருளிக்குக் கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டது என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, நிதானமாகக் கேட்டாள். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, அதற்கு மேல் என்ன குடித்தான். வேல்விழி மருந்தின் பெயரைச் சொன்னாள், போட்டோவைக் காட்டினாள்.

"இதேதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நிறுத்துப் பாத்தேன் டாக்டர். தண்ணியோட ஒப்பிட்டு."

"அப்ப அவரைக் குடிக்க விட்டுருக்கக் கூடாதே," என்றாள் டாக்டரம்மா. குத்திக்காட்டவில்லை, எழுதிக்கொண்டேதான் சொன்னாள். கதவு மூடியதும் வேல்விழி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பாண்டியராஜன் பக்கத்தில் உட்கார்ந்து, "துணிய இறுக்கிக் கட்டியிருக்கணும்," என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடிந்து நல்ல வெயில் வந்த பிறகு ராக்கையா வந்தார். கையில் ஆப்பிள் பை. போலீஸ்காரர் ஒருவர் பாண்டியராஜனிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தூண் ஓரமாக ஒதுங்கி வேல்விழியைக் கூப்பிட்டார்.

"பய எப்படி இருக்கான்?"

"இன்னும் சொல்லல."

"மாரியாத்தா காப்பாத்துவா. நேத்துப் பூராம் எனக்குச் சோறு எறங்கல தாயி." பையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தணித்தார். "அந்த டப்பா... வண்டியிலதான் இருக்கா? குடுத்துட்டீன்னா கொண்டு போயிருவேன். இன்னைக்குக் காயி வருது."

வேல்விழிக்கு ஒரு கணம் அவர் சொன்னது புரியவே இல்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் கொதித்தது.

"மொதலாளி, நீங்க வாயைத் தெறந்து அது லிட்டர் இல்லம்மான்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. காயிக்காரவுக யாரும் அங்கன இல்ல. நாங்க மூணு பேருதான் இருந்தோம். நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். எந்தம்பியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன், அம்புட்டுத்தான்."

ராக்கையா தரையைப் பார்த்தார். "சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு," என்றார்.

"டப்பா எங்கிட்டயே இருக்கட்டும்."

"அது என் கடை டப்பா தாயி."

"ஆமா. ஒங்க டப்பாதான். அதை அந்தப் போலீஸ்காரர்கிட்டயும் இப்படியே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். அவர் ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அழுத்தம் ஏறியிருக்கிறது, கண் முழித்துவிட்டான், ஒரு ஆள் மட்டும் போகலாம் என்றாள். வேல்விழி போனாள். சுருளியின் முகத்தில் சிவப்பு வடிந்து சாம்பல் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எப்போதும்போல ஏதாவது கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நர்ஸ் ஒரு தம்ளரில் தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று வேல்விழியிடம் தந்துவிட்டுப் போனாள்.

அவள் தம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள். சுருளி வாயைத் திறக்கவில்லை. தம்ளருக்குள் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, இது தண்ணிதானா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

சின்ன வயதிலிருந்து அவள் கொடுத்த எதையும் அவன் கேள்வி கேட்டு வாங்கியதில்லை. வேல்விழி தம்ளரைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். விழுங்கிவிட்டு, அவன் பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டினாள். பிறகு அவன் பிடரியில் கைகொடுத்துத் தலையைத் தூக்கினாள். அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, வாயைத் திறந்தான்.